மாப்ளையைத் தொட்ட கை

மறைமலைநகரில் கார் விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் தர்மராஜ் சூப்பர்வைசர். இருபத்து நான்கு வருஷ சர்வீஸ். செங்கல்பட்டு ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ் பிடித்து வந்த மனிதர், இன்றைக்கும் அதே பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலிருக்கும் அதே சீட்டில்தான் வருகிறார். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். உட்கார்ந்தவனுக்கு இரண்டு ஸ்டாப்பிங் தாங்காது, எழுந்துவிடுவான்.

அவருடைய பெருமையெல்லாம் ரவுண்டு போவதில் இருந்தது. கால் மணிக்கு ஒருதரம் லைனைச் சுற்றி வருவார். ஒரு கையில் அட்டை, இன்னொரு கை வீசிக்கொண்டு, கண் ஆட்கள் மேல். யார் பேசுகிறார்கள், யார் பாத்ரூம் போய் நேரமாகிறது, யார் செல்போனைத் தொடைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்பதை தர்மராஜ் நாளுக்கு நாலு பேரிடம் சொல்லிவிடுவார். "நான் ஒருத்தன் நடந்துகினு இருக்கறதாலதான் இந்தக் கம்பெனி ஓடிகினு கீது" என்று வீட்டிலும் சொல்வார். அவர் மனைவி ரோகிணி, "வூட்ல ஒரு பல்பு மாட்டத் தெரியல, கம்பெனில ஹெட்லைட் செய்றாராம்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அது அவர் காதில் விழாது. விழ வேண்டாதது எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை, அந்த வகையில் கொடுத்து வைத்த மனிதர்.

போன வருஷம் லைனுக்கு ஒரு ரோபோ வந்தது. ஒற்றைக் கை ரோபோ. விளக்கின் பின்பக்கக் கூட்டை எடுத்து, திருப்பி, ரப்பர் வளையத்தை மாட்டி வைக்கும். வந்த அன்றைக்கு ரிப்பன் என்ன, லட்டு என்ன, ஜெனரல் மேனேஜர் ஜான்சன் பேசிய பேச்சு என்ன! மனுஷனுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்யுமாம், கூண்டே வேண்டாமாம். அதன் உடம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் சுற்றியிருந்தது. அந்தத் தோலுக்கடியில் நாணயம் மாதிரி சின்னச் சின்ன வில்லைகள். யாராவது தொட்டால் அந்த வில்லைகளுக்குத் தெரியும், தெரிந்ததும் ரோபோ அப்படியே நின்றுவிடும். மறுபடி கிளம்ப மூன்று நிமிஷம். பாதுகாப்பு!

லைன் ஆட்கள் அதற்கு அன்றைக்கே 'மாப்ள' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது, தனியாக ஏசிக் குழாய் போட வேண்டியிருக்கிறது, லேசாக விரல் பட்டால் கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. வேறு என்ன பெயர் வைப்பது?

மாப்ளைக்கு அந்தப் பக்கம் நின்று வேலை செய்தவள் வேண்டா. திருக்கழுக்குன்றத்துக்காரி. வரிசையாக மூன்று பெண் பிறந்த வீட்டில் நாலாவதாகப் பிறந்ததால் வைத்த பெயர். அந்தப் பக்கம் ஊருக்கு ஒரு வேண்டாவாவது இருப்பாள், அதனால் யாரும் அந்தப் பெயரைப் பற்றி யோசிப்பதில்லை. ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. மாப்ள வளையம் மாட்டிக் கொடுக்கிற கூட்டை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தட்டில் அடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடி. நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று யாரோ ஒரு புத்திசாலி எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டான், அதற்கப்புறம் அதைக் கேட்பாரில்லை. அடுத்தவன் விரல் பட்டால் தெரிந்துகொள்ள ரோபோவுக்கு ஜெர்மனியிலிருந்து தோல் வரவழைத்த கம்பெனி, இவள் கால் வீங்குவதைத் தெரிந்துகொண்டு ஒரு ஸ்டூல் போடவில்லை. எரிச்சலாக இருக்கிறதா? எனக்கும்தான்.

மதியத்துக்கு மேல் இடுப்பு விட்டுப்போகும்போது, வேண்டா மெல்ல மாப்ளையின் அடித்தூணில் சாய்ந்துகொள்வாள். அது அசையாத பாகம், இடுப்புயரம், ஏசிக் காற்றில் குளிர்ந்து கிடக்கும். சாய்ந்தபடியே கை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்.

மூன்றாவது மாதம், ஏசிக் குழாய்க்காக மாப்ளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்ட பிறகு, வியாதி ஆரம்பித்தது. யாரும் தொடாமலே மாப்ள நிற்கத் தொடங்கியது. சாப்பாட்டுக்கு முன்னால் பதினாலு தரம், பின்னால் பதினாறு தரம். நின்றால் சைரன், சிவப்பு விளக்கு, மூன்று நிமிஷம், லைன் நோட்டில் ஒரு வரி. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் லைன் சும்மா கிடந்தது. காரணம் கண்டுபிடிக்க ஆளுக்கு ஆள் கிளம்பினார்கள். பல்லி ஓடுகிறது என்றார் ஒருவர். ஜிஎஸ்டி ரோட்டில் லாரி போகிற அதிர்ச்சி என்றார் இன்னொருவர். கேன்டீன்காரர் மட்டும் கண்திருஷ்டி என்று சொல்லி ஓர் எலுமிச்சம்பழத்தை மாப்ள தலைக்கு மேல் கட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் புனேயிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவரை மறைமலைநகரில் தங்க வைத்தால் மரியாதையாக இருக்காதே! மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் ரூம் போட்டார்கள். மனிதர் ஐந்து நாள் இருந்தார். அதில் ஒன்றரை நாள் கம்பெனிக்கு வந்தார். மீதி நாள் இறால் தின்றார். போகும்போது அறுபத்திரண்டு பக்க ரிப்போர்ட் கொடுத்தார். கடல் காற்று ஈரமாக இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். கடல் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, காற்று ஈரமாக இருந்தது அவர் ரூமில். ஆனாலும் ஈரம் உறிஞ்சும் மிஷின் வாங்கினார்கள். மாப்ள அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றது.

ஜான்சன் தர்மராஜைக் கூப்பிட்டார்.

"தர்மராஜ், பதினஞ்சாம் தேதிக்குள்ள எனக்கு ஒரு காரணம் வேணும். காரணம் கிடைக்கலன்னா ஒரு ஆள் வேணும்."

இந்த மாதிரி பேச்சு தர்மராஜுக்குச் சட்டென்று விளங்கும். காரணம் தேடுவது கஷ்டம், ஆள் தேடுவதில்தான் அவருக்கு இருபத்து நான்கு வருஷ அனுபவம் இருக்கிறதே!

அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். மாப்ள எல்லா ஷிப்டிலும் நிற்கவில்லை. வேண்டா முதல் ஷிப்டில் இருந்தால் முதல் ஷிப்டில் நின்றது. அடுத்த வாரம் அவள் இரண்டாவதுக்கு மாறினால் இரண்டாவதில் நின்றது. போதாதா? அதே ஷிப்டில் தானும் மாறி மாறி வருகிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கணக்கெடுக்கிறவன் தன்னையும் சேர்த்து எண்ணுவானா என்ன! இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ரவுண்டு வரும்போது அவர் கண்ணெதிரில் மாப்ள நிற்காது. அவர் தாண்டிப் போய் முதுகைத் திருப்பியதும் நின்றுவிடும். சைரன் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், தூணில் சாய்ந்தபடி வேண்டா.

"இன்னாம்மா வேண்டா, நான் திரும்பனா போதும், உன் வேலைய காட்டிர்ற?"

வேண்டா கையிலிருந்த கூட்டைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் இன்னா சார் பண்ணேன்? நீ வந்துட்டுப் போனாதான் அது நிக்குது. நீ லீவு போட்ட அன்னிக்கு ஒரு தபா கூட நிக்கல. நோட்ட பாரு."

லைனில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அவள் சொன்னது உண்மையா பொய்யா என்று நோட்டைப் புரட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. தர்மராஜ் புரட்டவில்லை. எதிர்த்துப் பேசினாள், ஆட்களுக்கு முன்னால் பேசினாள், நீ வா போ என்று பேசினாள் என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. ரவுண்டை முடிக்காமல் கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்தார்.

அங்கே ரஞ்சித்குமார் டீ குடித்துக்கொண்டிருந்தான். மாப்ளையின் தோலை விற்ற கம்பெனியின் எஞ்சினியர். வயசு இருபத்தாறு, மாப்ள நின்றுபோகிறது என்று வாரத்தில் மூன்று நாள் இவனைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். தர்மராஜ் கேட்டார்.

"தம்பி, ஒரு ஆளு அது மேல சாஞ்சிகினே இருந்தா நிக்குமா, நிக்காதா?"

"நிக்காது சார். வூட்ல காஸ் அடுப்புக்கு லைட்டர் வெச்சிருப்பீங்க இல்ல? டக்குனு அமுத்துனா பொறி வருது. அமுத்திப் புடிச்சிகினே இருங்க, அடுத்த பொறி வருதா? வராது. இதுக்குள்ளயும் அதே சமாச்சாரம்தான் கீது. அழுத்தம் மாறுனாதான் அந்த வில்லையில கரண்ட் வரும். மாறாம அப்படியே இருந்தா அதுக்கு ஒண்ணுமே தெரியாது. மெள்ள சாஞ்சாலும் தெரியாது. வெடுக்குனு விரல் நுனியால தொட்டு எடுக்கணும், அப்பதான் நிக்கும்."

"நூறு பர்சன்ட்டா?"

"நூறுன்னு எப்டி சார் சொல்றது? தொண்ணூத்தொம்பது போட்டுக்குங்க."

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார் தர்மராஜ். படுபாவி, தொண்ணூற்றொன்பதை கேன்டீன் மேசையில் விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். களைத்துப்போன பொம்பளை மெல்லத்தான் சாய்வாள், வெடுக்கென்று சாயமாட்டாள் என்பது அவருக்குத் தெரியாதா? அவர் அம்மா நாற்று நட்டுவிட்டு வந்து சுவரில் சாய்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர்தானே! தெரியும். பதினைந்தாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பதினாலாம் தேதி கடிதம் எழுதினார். 'மேற்படி தொழிலாளி இயந்திரத்தின் மீது அலட்சியமாகச் சாய்வதால் அடிக்கடி உற்பத்தி தடைபடுகிறது. பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை.' ஒருமுறைகூட எச்சரித்தது கிடையாது. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் விசாரணை, விளக்கம் என்கிற பேஜாரெல்லாம் இல்லை. மறுநாள் காலை கேட்டிலேயே வேண்டாவின் கார்டை வாங்கிக்கொண்டார்கள். அவள் செக்யூரிட்டி ரூம் வாசலில் நின்று, "சார கூப்டுங்க, நான் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடறேன்" என்று ஒரு மணி நேரம் நின்றாள். தர்மராஜ் ரவுண்டில் இருக்கிறார் என்று பதில் வந்தது. அது பொய் இல்லை. அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட இரண்டு ரவுண்டு அதிகம் போனார்.

வேண்டா இடத்தில், போன வாரம் அவளிடமே மூன்று நாள் வேலை பழகியிருந்த சிநேகா என்ற புதுப் பெண் வந்தாள். மாப்ள மறுபடியும் நின்றது. அன்றைக்கே முப்பத்திரண்டு முறை. நேர்மையான மனிதராக இருந்தால் அங்கேயே கடிதத்தைத் திரும்ப வாங்கியிருப்பார். தர்மராஜ் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "இவளுக்கு மூணு நாளு ட்ரெய்னிங் குடுத்ததே அவதான். கெட்ட பழக்கத்த கத்துக் குடுத்துட்டுப் போயிட்டா." இதை எழுத்தில் வேறு கொடுத்தார்.

ரஞ்சித்குமார்தான் பொறுக்க முடியாமல் ஒரு கேமராவை வாங்கி, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டான். இரண்டு நாள் பதிவைப் பார்த்துவிட்டு, ஜான்சன் கூட்டியிருந்த மீட்டிங்கில் அதைப் போட்டுக் காட்டுவதற்கு முன் தர்மராஜுக்கு மூன்று தடவை போன் செய்தான். "சார், மீட்டிங்குக்கு முன்னாடி நீங்க மட்டும் ஒரு தபா பாத்துடுங்க சார். உங்க நல்லதுக்குதான் சொல்றேன்." தர்மராஜ் ஒரு சின்னப் பையன் சொல்லி எதையும் முன்கூட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. "மீட்டிங்ல எல்லாரோடயும் சேந்து பாத்துக்கலாம் தம்பி. எனக்கு ரவுண்டு கீது" என்று வைத்துவிட்டார்.

மீட்டிங் எங்கே? வேறெங்கே! புனே நிபுணர் மறுபடி வருகிறார் அல்லவா, அதே ரிசார்ட். கோவளத்தில் நாஸ்தாவை முடித்துக்கொண்டு, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் குழாய்களைத் தாண்டி வேன் போனபோது தர்மராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஏசி ஹாலில் முப்பது பேர். பின்வரிசையில் ரிசார்ட் யூனிஃபார்மில் சிலர் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கை அணைத்தார்கள். திரையில் லைன் தெரிந்தது.

மாப்ள வேலை செய்கிறது. சிநேகா தட்டைப் பார்த்துக் குனிந்திருக்கிறாள். நடைபாதையில் தர்மராஜ் வருகிறார், கண் தூரத்தில் யார் மேலோ. மாப்ளையின் அடித்தகடு தரையில் மஞ்சள் கோட்டைத் தாண்டி நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவருடைய ஷூ முனை அதில் இடிக்கிறது. அவர் நிற்கக்கூட இல்லை. வீசிக்கொண்டிருந்த கை சட்டென்று நீண்டு மாப்ளையின் தூணை விரல் நுனியால் தொடுகிறது, அடுத்த நொடி கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. இரண்டு எட்டு வைக்கிறார். சைரன். திரும்பி, சிநேகாவை முறைக்கிறார்.

ஹாலில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, புத்தகமானாலும் சக மனுஷனானாலும் நெல்லளக்கும் படியானாலும், நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே நமக்குக் கற்றுக் கொடுத்துவிடுகிறார்கள். செய்கிறவனுக்கே செய்தது தெரியாது. ரஞ்சித்குமார் அடுத்த பதிவைப் போட்டான். ஷூ, விரல், கண், சைரன். அதற்கடுத்தது. ஐந்தாவதில் யாரோ சிரித்தார்கள், ஏழாவதில் ஹாலே சிரித்தது. நாளுக்கு முப்பது ரவுண்டு, முப்பது சைரன். புனே நிபுணர் இதை ஒரு கட்டுரையாக எழுதப்போவதாக எழுந்து நின்று அறிவித்தார்.

தர்மராஜுக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் பாருங்கள், யாரும் கோபப்படவில்லை! ஜான்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளில் தட்டினார். "மிஷினுக்கும் மரியாத குடுக்குற ஆளுய்யா நீ! தகட்ட வெட்டி வுட்டா தீந்துச்சி." கைதட்டல். யாரோ ஒரு பூங்கொத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார்கள். அவமானமாக ஆரம்பித்தது, இரண்டு நிமிஷத்தில் பாராட்டு விழாவாக மாறிவிட்டது. தர்மராஜுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ரஞ்சித்குமார் மட்டும் சிரிக்கவில்லை. "சார், அப்போ அந்த வேண்டா அக்கா? அவங்கள திரும்ப எடுத்துக்கலாமில்ல?"

ஜான்சன் தர்மராஜைப் பார்த்தார். "உங்க லைன். நீங்கதான் சொல்லணும். இன்னா சொல்றீங்க?"

ஒரு வார்த்தை. 'எடுத்துக்கலாம் சார்' என்று சொன்னால் போதும், அந்த நல்ல மூடில் ஜான்சன் அப்படியே தலையாட்டியிருப்பார். தர்மராஜ் வாயைத் திறந்தார். அவள் திரும்பி வந்து தினமும் எதிரில் நிற்பாள் என்பது கண்ணில் வந்து நின்றது. தான் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்து நின்றது.

"அது முடிஞ்சி போச்சி சார். வேற ஆளு போட்டாச்சி."

"அப்ப சரி" என்றார் ஜான்சன். விளக்கைப் போட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் கைகழுவப் போனார் தர்மராஜ். பூங்கொத்தை இடுக்கிக்கொண்டு குழாயைத் திறந்தபோது, பக்கத்தில் காலை நாஸ்தாவின் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். வேண்டா. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம் என்று கான்ட்ராக்டர் அவளை இங்கே அனுப்பியிருந்தான், வாரத்தில் நாலு நாள் வேலை.

"அட, வேண்டாவா? இங்கயா கீற? நல்லா கீறியாம்மா?"

"நல்லா கீறேன் சார். பின்னால தண்ணி பாட்லு வெச்சிகினு நின்னேன். படம் பாத்தேன். நீ சொன்னதையும் கேட்டேன்."

தர்மராஜ் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கே தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. கால் பட்டா கை தானா போயிடுது, சின்ன வயசுலேர்ந்து பழக்கம்..."

வேண்டா கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை.

"இரும்புல கால் பட்டா உன் கை தானா போவுது. என் வயித்துல எட்டி ஒதச்சியே, கேட்டாண்ட ஒரு மணி நேரம் நின்னேனே, அன்னிக்கு எங்க போச்சி சார் உன் கை? இப்ப உள்ள கேட்டாங்களே, இப்ப எங்க போச்சி?"

அவர் தன் கையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, என்ன என்பதுகூடத் தெரிந்தது. ஜான்சன் பத்தடியில்தான் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். தர்மராஜ் இடுக்கியிருந்த பூங்கொத்தைச் சரிசெய்துகொண்டார்.

வேண்டா தட்டுகளைத் தூக்கிக்கொண்டாள்.

"குழாய மூடிட்டு நகரு சார். பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

தர்மராஜ் குழாயை மூடிவிட்டு நகர்ந்தார்.